பீரோ மேல் கிடக்கும் கவசம்

வழுதக்காட்டில், கேரளக் காவல்துறைத் தலைமையகத்தில், கொள்முதல் குழுவாகக் கூடுகிற அதிகாரிகளுக்கும், தொழில்நுட்பக் குழுவில் உட்கார்ந்து சாம்பிள் பார்க்கிறவர்களுக்கும்,



புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் கோப்பு அடுத்த முறை உங்கள் மேசைக்கு வரும்போது, விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் பலருக்குத் தமிழ் தெரியும். பாறசாலை தாண்டினால் காதில் விழுவதும் தமிழ்தான். தவிர, நான் சொல்லப்போகும் சாவுகளில் சில எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தவை. அந்தப் பக்கத்து அதிகாரிகளும் படிக்கட்டும். நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் டெண்டர் கட்டுகளோடு வயதானவன். குறைந்த விலைக்காரன், அதாவது எல்-1, ஒரு அலுவலகத்தை எப்படி ஆட்டிவைப்பான் என்று உள்ளிருந்து பார்த்தவன்.

விலையிலிருந்தே தொடங்குகிறேன், நீங்களும் அங்கிருந்துதானே தொடங்குவீர்கள். 2016-ல் ராணுவம் அவசரத் தேவைக்கென்று 50,000 ஜாக்கெட் வாங்கியது. 140 கோடி ரூபாய், ஒன்றுக்கு 28,000. 2018 ஏப்ரலில் 1,86,138 ஜாக்கெட்டுக்கு 639 கோடியில் ஒப்பந்தம் போட்டது. ஒன்றுக்கு ஏறத்தாழ 34,300. இந்த இரண்டாவது கொள்முதல் வேண்டும் என்று முடிவானது 2009-ல். ஒன்பது வருஷம் கோப்பு மட்டும் நடந்திருக்கிறது. மகாராஷ்டிர அரசு தன் போலீஸுக்கு 5,000 ஜாக்கெட் கேட்டபோது ஆன தொகை 17 கோடி, ஒன்றுக்கு 34,000. ஆக, ரைஃபிள் தோட்டாவைத் தாங்கும் ஜாக்கெட்டை மொத்தமாக வாங்கினால் அன்றைய விலை முப்பதாயிரத்தைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளலாம். கேரளக் காவல்துறையில் ஏறத்தாழ 60,000 பேர். பெருக்கிப் பாருங்கள், 200 கோடியைத் தாண்டும். எந்த நிதித்துறையும் அதைத் தராது. தரவும் வேண்டாம்.

எல்லாருக்கும் முடியாது என்றான பிறகு, யாருக்கு என்ற கேள்வி வருகிறது. அதற்கு முன்னால் எதிலிருந்து என்ற கேள்வி இருக்கிறது. இந்த இரண்டாவதைக் கேட்காமலே இண்டென்ட் எழுதப்படுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மாநிலம் வாங்கியதையோ, மத்தியப் படை வாங்கியதையோ எடுத்து அப்படியே ஒட்டிவிடுவார்கள். விவரக்குறிப்பு அழகாகத்தான் இருக்கும். வேறு யாருக்கோ தைத்த சட்டையாக இருக்கும்.

திருவனந்தபுரத்தை நடுவில் வைத்து வரைபடத்தை விரியுங்கள். வடக்கே தேசிய நெடுஞ்சாலையில், கொல்லம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் பாரிப்பள்ளி. 2012 ஜூன் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். ரோந்து ஜீப்பில் போன இரண்டு காவலர்கள் ஒரு வேனை மடக்குகிறார்கள். உள்ளே இருந்தவன் ‘ஆடு’ ஆண்டனி என்ற பழைய திருடன். ஜீப்பில் ஏற்றப்பட்டவன் கத்தியை எடுக்கிறான். ஓட்டுநராக இருந்த காவலர் மணியன் பிள்ளை இறந்துபோனார், உடன் இருந்த ஏ.எஸ்.ஐ. காயத்தோடு தப்பினார். ஆண்டனியைப் பிடிக்க 2015 வரை ஆனது. 2016-ல் கொல்லம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

தெற்கே களியக்காவிளை. 2020 ஜனவரி 8 இரவு, சந்தைச் சாலைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த தமிழ்நாட்டுச் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டார்கள், கத்தியாலும் குத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் உடுப்பியில் பிடிபட்டார்கள். துப்பாக்கி எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டு அருகே சாக்கடையிலிருந்து எடுக்கப்பட்டது. கத்தி கிடைத்தது நம் தம்பானூரில். வில்சன் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். மேலே சொன்ன விலையில் அந்தப் பணத்துக்கு 290 ஜாக்கெட் வரும். இப்படிக் கணக்குப் போடுவது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவூலத்தில் இரண்டும் செலவுதான். ஒன்று சாவுக்கு முன்னால் எழுதப்படுவது, மற்றது பின்னால்.

மறுபடி வடக்கே, கொட்டாரக்கரை. 2023 மே 10 விடியற்காலை, தாலுகா மருத்துவமனைக்குக் காவலர்கள் சிகிச்சைக்கு அழைத்துவந்த ஆள் டிரெஸ்ஸிங் அறைக் கத்தரிக்கோலை எடுத்துக் குத்தத் தொடங்கினான். காவலர்களும் குத்துப்பட்டார்கள். ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ் உயிர் போனது. அன்றைக்கே உயர் நீதிமன்றம் காவல்துறையைக் கடுமையாகக் கேட்டது, கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் வெறும் காக்கிச் சட்டையோடு நின்றவர்களுக்குக் கத்தரிக்கோலை எதிர்கொள்ள என்ன பயிற்சி கொடுத்தோம், உடம்பில் என்ன மாட்டி அனுப்பினோம் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

இனி நம் மாவட்டத்துக்குள். 2022 நவம்பர் 27 இரவு விழிஞ்ஞம் காவல் நிலையத்தைக் கூட்டம் சூழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் காயப்பட்டார்கள். கல்லும் கட்டையும். அங்கே வேண்டியிருந்தது ஹெல்மெட்டும் ஷீல்டும் முழங்கால் காப்பும். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் போத்தன்கோட்டில் ஒரு இளைஞனை நாட்டு வெடிகுண்டு வீசி, வெட்டிக் கொன்ற கும்பலைத் தேடி வர்க்கலைப் பக்கம் காயலில் படகில் போனார்கள். படகு கவிழ்ந்து எஸ்.ஏ.பி. பட்டாலியனைச் சேர்ந்த இளம் காவலர் ஒருவர் மூழ்கி இறந்தார். அங்கே தேவைப்படுவது வேறு வகை ஜாக்கெட். அதன் விலையோ சில நூறிலிருந்து சில ஆயிரம் ரூபாய்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். 2020 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டம் மணக்கரையில் ரவுடியைப் பிடிக்கப்போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப்போன நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனை அரிவாளால் வெட்டினார்கள். 2017 டிசம்பரில் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் போன மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் சுடப்பட்டு இறந்தார். பாய்ந்தது சக அதிகாரியின் துப்பாக்கிக் குண்டு என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது.

இந்தச் சம்பவங்கள் எதிலும் எதிராளியின் கையில் ரைஃபிள் இல்லை. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள், கைத்துப்பாக்கி, நாட்டு வெடி, கல், தண்ணீர். ஆனால் டெண்டர் என்று வந்தால் நம் கண்ணில் படுவதெல்லாம் ஏ.கே.-47. வயநாட்டிலும் நிலம்பூர்க் காட்டிலும் ஏறி இறங்கும் தண்டர்போல்ட் படைக்கு ரைஃபிள் தோட்டாவைத் தாங்கும் தகடு வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள். அதிரடிக் குழுக்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு அதே ஜாக்கெட்டை வாங்கினால் பணமும் வீண், உடம்பும் திறந்தபடிதான் இருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கெவ்லார் மாதிரியான அராமிட் இழையால் நெய்த மென்கவசம் தோட்டாவை வலையில் மாட்டுகிற மாதிரிப் பிடிக்கிறது. தோட்டாவின் மூக்கு மழுங்கி, பரந்து, அதன் வேகம் பல அடுக்கு இழைகளில் பகிர்ந்துபோகிறது. கூர்மையான முனை அப்படி மழுங்காது. ஒரு குத்தூசி நூலுக்கும் நூலுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து இறங்கிவிடும். எனவே கத்திக் கவசம் வேறு தினுசு: மிக நெருக்கமான நெசவு, பிசின் பூசிய அடுக்குகள், சில சமயம் சங்கிலி வலை. அதன் தரத்தை அளப்பதும் வேறு மாதிரி. பிரிட்டிஷ் தரத்தில் முதல் நிலைக் கத்திக் கவசம் 24 ஜூல் ஆற்றலோடு இறங்கும் கத்தியைச் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடக்கூடாது. அந்த நாட்டில் ரோந்து போகும் காவலர்களில் பெரும்பாலோரின் இடுப்பில் துப்பாக்கி கிடையாது. உடம்பில் கத்திக் கவசம் உண்டு. தங்கள் தெருவில் என்ன ஆயுதம் நடமாடுகிறது என்று பார்த்து வாங்கியிருக்கிறார்கள். கத்தியையும் கைத்துப்பாக்கியையும் சேர்த்துத் தாங்கும் ஜாக்கெட்டும் சந்தையில் உண்டு. பாரிப்பள்ளியில் நின்றவருக்கும் களியக்காவிளையில் நின்றவருக்கும் பொருத்தம் அதுதான்.

நமக்கென்று 2018-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17051 கொண்டுவந்தது நல்ல காரியம். அதுவரை ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றிய விவரக்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தது. அச்சுறுத்தலை ஆறு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது நிலையில் ஜாக்கெட் கவசம் துளைக்கும் 7.62×54 ஆர் ரகத் தோட்டாவைத் தாங்க வேண்டும். 2024-ல் டி.ஆர்.டி.ஓ.வின் கான்பூர் ஆய்வகம் அந்த நிலைக்கே எடை குறைந்த ஜாக்கெட் செய்து காட்டியது, சண்டிகரில் சுட்டுப் பார்த்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் நிலை என்பது பள்ளிக்கூட மார்க் இல்லை, அதிகம் வாங்கினால் நல்லது என்பதற்கு. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் எடையோ விலையோ ஏறும், பெரும்பாலும் இரண்டும். அதோடு இது தோட்டாவுக்கான தரம். இதன் சான்றிதழைக் காட்டிக் கத்திக்கும் ஆகும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொன்னால், தனி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவில் பெரிய அடி விழுந்தது. ஜப்பானின் டொயோபோ நிறுவனத்தின் ஸைலான் இழையில் செய்த ஜாக்கெட்டுகள் அங்கே உயர் ரகமாக விற்றன. மெலிசு, லேசு, உடுத்துவதற்குச் சுகம். போலீஸ்காரர்கள் விரும்பிப் போட்டார்கள். 2003-ல் கலிஃபோர்னியாவில் ஒரு காவலரின் ஜாக்கெட்டைக் கைத்துப்பாக்கித் தோட்டா துளைத்துப் போனது, அவர் இறந்தார். ஆராய்ந்தபோது, சூட்டிலும் ஈரப்பதத்திலும் அந்த இழை எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுவிழப்பது தெரியவந்தது. புதிதாக இருந்தபோது எல்லாப் பரீட்சையிலும் தேறிய ஜாக்கெட். 2005 ஆகஸ்டில் ஸைலான் ஜாக்கெட்டுகளுக்கான அங்கீகாரத்தை அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் (என்.ஐ.ஜே.) விலக்கிக்கொண்டது. 2018-ல் டொயோபோ 6.6 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது.

அந்தப் பாடத்துக்குப் பிறகு 2008-ல் வந்த என்.ஐ.ஜே. தரத்தில் ஒரு புது நிபந்தனை சேர்ந்தது. சுடுவதற்கு முன்னால் கவசத் தகடுகளை 65 டிகிரிச் சூட்டில், 80 சதவீத ஈரப்பதத்தில், பத்து நாள் உருளையில் போட்டு 72,000 முறை உருட்டி எடுக்க வேண்டும். இதைப் படித்தபோது ஆய்வகத்தைவிட, ஏப்ரல் மாதம் கிழக்குக்கோட்டையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய போலீஸ் ஜீப்தான் என் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் இந்த ஈரத்தையும் சூட்டையும் உண்டாக்க இயந்திரமே வேண்டாம். இழைக்கு இழை பலவீனமும் மாறும். அராமிட் நனைந்தால் தோட்டாவைப் பிடிக்கும் திறன் குறைகிறது; அதனால்தான் தகட்டைத் தண்ணீர் புகாத உறையில் ஒட்டி மூடுகிறார்கள். பாலிஎத்திலீன் ரகத்துக்குத் தண்ணீர் பயம் இல்லை, சூடு ஆகாது. செராமிக் தகடு கீழே விழுந்தால் உள்ளே கீறல் விடும். மேலே துணி இருப்பதால் யாருக்கும் தெரியாது. தில்லியிலோ சண்டிகரிலோ நன்றாக உழைத்தது என்ற சான்று ஆறு மாதம் மழை பெய்கிற ஊருக்குப் போதாது.

பாஸ்போர்ட் விசாரணை விஷயமாக நகரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த நிலையம் என்று சொல்லவில்லை, அங்கே இருந்தவர்கள் மரியாதையாக நடத்தினார்கள். இரும்பு பீரோ மேல் மடித்து வைத்திருந்த பொருள் என்ன என்று கேட்டபோது சி.பி.ஓ. ஒருவர் எட்டி எடுத்துக் கீழே போட்டார். போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், மேசை அதிர்ந்தது. புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட். வெல்க்ரோவில் பஞ்சும் முடியும் ஏறி ஒட்டும் தன்மையே போயிருந்தது. உள்ளே லேபிளில் அளவு மட்டும் தெரிந்தது. உற்பத்தி வருஷம் இருக்க வேண்டிய இடம் வியர்வையில் அழிந்துபோயிருந்தது. மென்தகட்டின் உறை ஓரத்தில் பிளந்து, உள்ளிருந்து மழைக்காலத்து அலமாரி வாசம் வந்தது. அந்தத் தகட்டில் ஸ்ட்ரைக் ஃபேஸ் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது, அதாவது தோட்டா வரும் பக்கம். அந்தப் பக்கத்தை உடம்பைப் பார்க்க வைத்துச் செருகியிருந்தார்கள். துவைத்தபோது யாரோ கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். “இதைப் போட்டுக்கிட்டு ஜீப்ல உட்காரவே முடியாது சாரே” என்றார் அவர். குனிந்தால் முன் தகடு தொடையில் இடித்துக் கழுத்தை முட்டுமாம். யாராவது மந்திரி வந்தால் எடுப்போம் என்றும் சொன்னார்.

அந்த ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ, அது முழு நஷ்டம். அதில் பாதி பாதுகாப்பே தரும் மூன்று கிலோ ஜாக்கெட் இரவு ரோந்தில் உடம்பிலேயே இருந்திருந்தால் அது லாபம். ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் உடற்பகுதியில் சுடப்பட்ட காவலர்களை எடுத்துப் பார்த்தது. கவசம் போடாதவர் இறக்கும் வாய்ப்பு போட்டவரைப்போல் 3.4 மடங்கு. போட்டவரோடுதான் ஒப்பீடு, வாங்கி வைத்தவரோடு இல்லை. அந்த நாட்டு மத்திய அரசு 1998 சட்டப்படி உள்ளூர் போலீஸின் ஜாக்கெட் செலவில் பாதி வரை தருகிறது. 2011-லிருந்து, பணியில் கட்டாயம் அணிய வேண்டும் என்ற எழுத்து விதி இல்லாத ஊருக்கு அந்தப் பணம் கிடையாது. நம் போலீஸ் நவீனமயத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போடுகிறோம். பங்கு போட்டு வாங்கியதை யார் எப்போது அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை, அதை மீறினால் கேட்க ஒரு எஸ்.ஐ. இதற்குச் செலவே இல்லை.

அணிந்தாலும் கவசத்துக்கு ஓரம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை பயங்கரவாதத் தாக்குதலின்போது, பயங்கரவாதத் தடுப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் மாட்டுவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. குண்டுகள் பாய்ந்தது தோளுக்கும் கழுத்துக்கும் இடையே, ஜாக்கெட் மூடாத இடத்தில். பின்னால் அவர் மனைவி கவிதா கர்கரே தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஜாக்கெட் எங்கே என்று கேட்டார். மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி குப்பையில் போட்டுவிட்டார் என்று தெரியவந்தது. ஆக, தரம் இருந்ததா இல்லையா என்று சோதிக்கப் பொருளே இல்லை. அந்த இரவு பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு விழுந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயின் கையில் இருந்தது லத்தி.

அத்தனைக்கும் பிறகு மகாராஷ்டிரம் ஜாக்கெட் வாங்கிய கதையை உங்கள் குழு தனியாக ஒரு நாள் உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் முன்னால் சொன்ன அந்த 5,000-ல் வந்து சேர்ந்தவை 4,600. சண்டிகர் மத்தியத் தடய அறிவியல் ஆய்வகத்தில் ஏ.கே.-47 சோதனையில் தேறாமல் 2018-ல் திருப்பி அனுப்பப்பட்டவை 1,430. பத்து வருஷம் கழித்து வந்ததில் மூன்றில் ஒரு பங்கு போலத் திரும்பிப் போயிற்று. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாம்பிள் தேறியது, கையெழுத்துப் போடு, ஸ்டோரில் இறக்கு என்று விட்டிருந்தால் அந்த 1,430-ம் இன்று 1,430 பேர் உடம்பில் இருந்திருக்கும்.

கொள்முதல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சாம்பிளுக்கு எல்லாரும் நல்ல பிள்ளைகள். டெண்டர் சாம்பிளைத் தைப்பவர் கம்பெனியின் கைதேர்ந்த டெய்லர். இழையும் முதல் தரம். லாட் வரும்போதுதான் சரக்கு மாறும். எனவே வந்து இறங்கிய லாட்டிலிருந்து, கம்பெனி ஆள் தேர்ந்தெடுக்காமல் உங்கள் ஆள் கண்ணை மூடி எடுத்து, முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சுட்ட ஜாக்கெட் பிறகு எதற்கும் ஆகாது. இங்கேதான் தணிக்கை பயம் வரும்: ‘நல்ல நிலையில் இருந்த பத்து ஜாக்கெட்டை ஏன் அழித்தீர்கள், அரசுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் இழப்பு’ என்று ஒரு குறிப்பு வரலாம். அந்தக் குறிப்புக்குப் பயந்து சோதனையைச் சுருக்கியவர்கள் உண்டு. சோதனையில் அழிவதற்கான எண்ணிக்கையை டெண்டரிலேயே எழுதி, விலையில் சேர்த்துவிடுங்கள், விஷயம் முடிந்தது. தோட்டா நின்றுவிட்டது என்பதோடு ரிப்போர்ட்டை மூடிவைக்காதீர்கள். பின்னால் வைத்த களிமண்ணில் குழி எவ்வளவு என்று பாருங்கள், என்.ஐ.ஜே. தரத்தில் 44 மில்லிமீட்டர் வரை அனுமதி. அதற்கு மேல் போனால், தோட்டா துளைக்காமலே விலா எலும்பும் ஈரலும் போய்விடலாம்.

தணிக்கை என்றதும் 2020 பிப்ரவரி உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். பேரூர்க்கடை எஸ்.ஏ.பி. முகாமில் 25 இன்சாஸ் துப்பாக்கியும் 12,061 தோட்டாவும் கணக்கில் இல்லை என்று சி.ஏ.ஜி. எழுதியது. பிறகு கிரைம் பிராஞ்ச் துப்பாக்கிகளை எண்ணி, 13 மணிப்பூரில் இருக்கிறது, மற்றவை இங்கேயே இருக்கின்றன என்று சொன்னது. அதே அறிக்கையில்தான், 1.10 கோடிக்கு இரண்டு குண்டு துளைக்காத கார் வாங்கியதில் டெண்டர் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்றும் இருந்தது. அந்தத் தொகையில் ராணுவ விலைக்கு 320 ஜாக்கெட் வந்திருக்கும். முக்கியப் பிரமுகருக்கு அந்தக் கார் தேவையா இல்லையா என்று நான் விவாதிக்கவில்லை. பெரியவர்களுக்கான கவசம் என்றால் டெண்டரைத் தாண்டியும் ஓடுகிற வேகம், ரோந்து ஜீப்புக்கான கவசம் என்றால் எல்-1 வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெண் காவலர்களைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973-ல் திறந்தது கோழிக்கோட்டில். ஆணின் மார்பளவுக்கு வெட்டிய தகடு பெண் உடம்பில் சரியாக உட்காராது. அக்குள் பக்கம் இடைவெளி விழும், கத்திக்கு வழி அதுதான். 2023-ல் வந்த புது என்.ஐ.ஜே. தரம் பெண்களுக்கான கவசத்தைச் சோதிக்கத் தனி முறைகளையே சேர்த்திருக்கிறது. மீடியம், லார்ஜ் என்று இரண்டு அளவில் ஆர்டர் போட்டுவிட்டு எல்லாருக்கும் வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அளவெடுப்பதற்கு ஒரு டேப்பும் ஒரு வாரமும் போதும்.

கடைசியாக, முடியக்கூடிய ஒரு கணக்கு. மாநிலத்தில் காவல் நிலையங்கள் ஐந்நூறு அளவில் இருக்கும். ஐந்நூறு என்றே வைத்துக்கொண்டு, நிலையத்துக்கு ஆறு என்றால் 3,000 ஜாக்கெட். இரவு ரோந்து, சோதனைச் சாவடி, ஆளைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் குழு, இவர்கள் மாற்றி மாற்றி அணியப் போதும். கத்தியும் கைத்துப்பாக்கியும் தாங்கும் மென்கவசத்துக்கு ராணுவத்தின் ரைஃபிள் ஜாக்கெட் விலையே ஆகும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் பத்தேகால் கோடி. ஐந்து வருஷ வாரண்டியில் பகிர்ந்தால் வருஷத்துக்கு இரண்டு கோடி சொச்சம். 60,000 பேருக்கான 200 கோடியைக் காட்டி ‘நிதி இல்லை’ என்று கோப்பை மூடுவது சுலபம். இந்தப் பத்தேகால் கோடியைக் காட்டி மூடுவது அவ்வளவு சுலபமில்லை என்று நினைக்கிறேன். ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டாம். மூன்று தவணையாக வாங்கினால், எல்லாம் ஒரே நாளில் காலாவதியாகி ஐந்தாம் வருஷம் மறுபடி வெறும் காக்கியோடு நிற்க வேண்டியிராது.

ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் எண் கொடுங்கள். லாட் எண்ணும் காலாவதித் தேதியும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் மட்டும் இல்லாமல், அழியாத மையில் ஜாக்கெட்டின் வெளியிலும் இருக்கட்டும், போட்டுக்கொள்கிறவர் படிக்கும்படி. தொங்கவிட அகலத் தோள் ஹேங்கர் வாங்குங்கள். மடித்து பீரோ மேல் போடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஹேங்கர் இல்லாததுதான். தேதி முடிந்ததைக் கண்டம் செய்யும்போது லாட்டுக்கு இரண்டு எடுத்து மறுபடி சுட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்து ஈரத்தில் ஐந்து வருஷம் கிடந்த கவசம் எவ்வளவு தாங்குகிறது என்ற விவரம் அடுத்த டெண்டருக்கு எந்தக் கம்பெனி பிரசுரத்தையும்விடப் பயன்படும்.

இந்த மடலின் நகலைச் சென்னை டி.ஜி.பி. அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். களியக்காவிளையில் இரண்டு மாநிலக் காவலர்களும் நிற்பது ஒரே சாலையில், ஒரே வெயிலில், ஒரே மழையில். ஒரு மாநிலம் சுட்டுப் பார்த்த ரிப்போர்ட்டை மற்ற மாநிலம் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு கடிதம் போதும். அதற்கு டெண்டர் தேவையில்லை.

இப்படிக்கு,
கரமனையிலிருந்து,
கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழன்